செப்பின் மேற்பரப்பும் சபரகமுவத் தோட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1

இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு நெடுங்காலம் பயிர்களின் வரலாறாகவும் கம்பெனிகளின் வரலாறாகவும் எழுதப்பட்டு வந்தது. பின்னர் அது தொழிலாளரின் வரலாறாகவும் எழுதப்படலாயிற்று. இம்மூன்றையும் இணைத்து நிற்கும் ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் வழியே தோட்டத்தை நோக்குதல் பயன் தரும் எனக் கருதுகின்றோம். இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் செம்பு.

தோட்ட வரலாற்றிற் செம்புக்கு யாது இடம் என்னும் வினா எழலாம். 1946ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த கொப்புள நோயிலிருந்து தேயிலையைக் காத்த மருந்துகளுள் முதன்மையானவை செப்புச் சேர்வைகளே. அதே செம்பு பக்கத்து மலையின் இறப்பர்ப் பாலிற் கலந்தால் இறப்பர் கெடும். கொய்த கொழுந்து நிறம் மாறித் தேயிலையாவதும் இலையினுள் இயல்பாகவே அமைந்த, செம்பைக் கொண்ட ஒரு நொதியத்தினாலேயே. தேயிலையும் இறப்பரும் அருகருகே வளரும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் செம்பின் இம்மூன்று முகங்களையும் ஒருங்கு காண்பதற்கு ஏற்ற களமாகும்.

நமது வாதம் எளியது. மேலே கூறிய காப்பும் கேடும் செம்பு கரைவதிலேயே தங்கியுள்ளன. செம்பு எவ்வாறு கரைகின்றது என்னும் வினாவை ஒவ்வொரு காலத்திலும் அக்காலப் பொருளாதாரத்தின் தேவையே முன்தள்ளியது. கடற்படை, திராட்சைத் தோட்டம், தேயிலைத் தோட்டம், கணினிச் சில்லு என அத்தேவை மாறிமாறி வந்தது. விடையோ அணுவின் அளவுவரை நுணுகிச் சென்றது. ஆயின் அச்செம்பை முதுகிற் சுமந்து தெளித்த மனிதனைப் பற்றிய வினா அதே நுணுக்கத்தோடு எழுப்பப்படவில்லை. இவ்விரு வரலாறுகளையும் ஒரே ஏட்டில் வைத்து வாசிப்பதே நமது நோக்கம்.

2

செம்பு கரைவது பற்றிய அறிவு ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. நம்மவர் வீடுகளிற் செப்புக் குடத்தையும் பித்தளைச் செம்பையும் புளியும் உப்பும் இட்டுத் துலக்குவது பழைய வழக்கம். புளியின் அமிலம் செம்பின்மேற் படிந்த ஒட்சைட்டைக் கரைக்கின்றது. உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் செம்போடு சேர்ந்து கரையுமியல்புள்ள சிக்கலயன்களை ஆக்கி, அக்கரைதலுக்குத் துணைபுரிகின்றன. ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்திற் புளிக்குழம்பை வைத்தலாகாது என்னும் விலக்கு இவ்வறிவின் மறுபக்கமாகும். அமிலமும் உப்பும் சேர்ந்தவிடத்துச் செம்பு உணவினுட் செல்லும் என்பதைச் சமையலறை அறிந்திருந்தது.

இதே உண்மை ஐரோப்பாவிற் பேரரசின் பிரச்சினையாக எழுந்தது. மரக்கப்பல்களின் அடிப்புறத்தைக் கடல்வாழ் உயிர்களிடமிருந்து காக்கப் பிரித்தானியக் கடற்படை செப்புத் தகடு வேய்ந்தது. கடல்நீரின் குளோரைட்டினாலும் அதிற் கரைந்துள்ள ஒட்சிசனாலும் அத்தகடு விரைவில் தேய்ந்தது. இதற்குப் பரிகாரம் காணும் பணியை ஹம்பிரி டேவி ஏற்றார். இரும்பு அல்லது நாகத் துண்டுகளைச் செம்போடு இணைத்தால் செம்பு கரையாது நிற்கும் என்பதை அவர் 1824இல் அறிவித்தார். பரிகாரம் வேதியியல் வகையில் வெற்றி பெற்றது, நடைமுறையில் தோல்வியுற்றது. கரையாது நின்ற செம்பின்மீது ஓட்டுயிர்களும் கடற்பாசியும் தடையின்றி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. செம்பு உயிர்களைத் தடுத்தது அது அங்கு இருந்ததனால் அன்று, கரைந்துகொண்டிருந்ததனாலேயே என்பது இத்தோல்வியால் வெளிப்பட்டது. நமது வரலாற்றுக்கு இதுவே தலையாய பாடம்.

பயிர்நோய்த் துறையில் இப்பாடம் முன்னரே தொடங்கியிருந்தது. பிரான்சில் பெனடிக்ற் பிரெவோ 1807இல் கோதுமையின் கரிநோயை ஆராய்ந்தபோது, செப்புப் பாத்திரத்தோடு தொடர்புற்ற நீரில் நோய்வித்திகள் முளையாமையைக் கண்டார். மிகச் சிறிதளவு கரைந்த செம்பே அதற்குப் போதுமாயிருந்தது. ஆயினும் இக்கண்டுபிடிப்பு பெருமளவிற் பயன்பட எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. திராட்சைச் செய்கை பூஞ்சண நோயினால் அழிவை எதிர்நோக்கிய பின்னரே, போர்தோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்தே, செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் கலந்த கரைசலின் ஆற்றலை 1885இல் வெளியிட்டார். வீதியோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காதிருக்க உழவர் பூசிய பச்சைக் கலவையே அவருக்கு வழிகாட்டியது. சுண்ணாம்பின் பணி ஈண்டு நோக்கற்பாலது. துருசு எனப்படும் செப்புச் சல்பேற்று நீரில் எளிதிற் கரைவதனால் இலையையே கருக்கிவிடும். சுண்ணாம்பு அதனை அரிதிற் கரையும் சேர்வையாக மாற்றுகின்றது. மழையிலும் பனியிலும் அது சிறுகச் சிறுகச் செம்பை விடுகின்றது. கரைதலை நிறுத்துவதன்று, அதன் வேகத்தை அளவோடு ஆளுவதே இம்மருந்தின் நுட்பம்.

3

போர்தோக் கலவை வெளியான 1885ஆம் ஆண்டை இலங்கையின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கோப்பி இலைத்துரு நோய் இத்தீவில் 1869இற் காணப்பட்டது. மார்ஷல் வார்ட் 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அந்நோயின் வாழ்க்கை வட்டத்தை விளக்கினார். காரணம் அறியப்பட்டது, மருந்து கைக்கு வரவில்லை. செப்புக் கலவை உலகறிந்த பொழுதில் கோப்பிச் செய்கை மீளாவண்ணம் வீழ்ந்துகொண்டிருந்தது. மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின.

தேயிலையின் நிலை வேறு. எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்னும் பங்கசினால் விளையும் கொப்புள நோய் அசாமில் 1868இலேயே அறியப்பட்டிருந்தது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது 1946இல் வந்து சேர்ந்தது. அப்போது செப்புமருந்துகள் உலகின் பல பயிர்களிற் சோதிக்கப்பட்டுத் தயாராயிருந்தன. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. கோப்பிக்கு வாய்க்காத இரண்டும் தேயிலைக்கு வாய்த்தன. ஒரு பயிர் மறைந்ததும் மற்றொரு பயிர் நிலைத்ததும் இயற்கையின் விதியால் மட்டும் அமைந்தன அல்ல. அவ்வக் காலத்து அறிவும் நிறுவன அமைப்பும் அவற்றுக்குக் காரணமாயின.

நோயின் தன்மையை அறிந்தாலன்றிச் செம்பின் பணி விளங்காது. இப்பங்கசு முற்றிய இலையைத் தாக்குவதில்லை. ஈரிலையும் ஒரு மொட்டுமாகிய இளங்கொழுந்தே அதன் இலக்கு. தோட்டம் விற்பதும் அதனையே. காற்றில் வரும் வித்தி ஈரமான இலைமேல் முளைத்து உட்புகும்; சில நாட்களில் மங்கலான புள்ளி தோன்றும்; பின்னர் இலையின் அடிப்புறம் கொப்புளமாகப் புடைத்து வெண்மை பூக்கும்; அதிலிருந்து புதிய வித்திகள் பரவும். உட்புகுந்த பின் செம்பினாற் பயனில்லை. வித்தி முளைக்கும் அந்த ஈரத்திலேயே கரைந்த செம்பு காத்திருத்தல் வேண்டும். செம்பு தெளிக்கப்பட்ட பின் துளிர்த்த தளிரிற் செம்பு இராது. ஆகவே நோய்க்காலத்தில் வாரந்தோறும், அல்லது அதற்குச் சற்று நீண்ட இடைவெளியில், கொழுந்து பறிக்கும் முறையோடு ஒட்டி மருந்தடித்தல் திரும்பத் திரும்ப நிகழவேண்டியதாயிற்று. ஒரு ஹெக்டேயருக்கு ஒருமுறை தேவைப்பட்ட செப்பு மருந்து சில நூறு கிராம் மட்டுமே. ஆயினும் அது மலை மலையாக, மழை நீங்கிய இடைவெளிகளில், மனித முதுகிற் செல்லவேண்டியிருந்தது.

சபரகமுவையின் நிலவியல்பு இங்கு கருத்திற் கொள்ளத்தக்கது. சிவனொளிபாத மலையின் தென்மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்கின்றன. இரத்தினபுரியின் ஆண்டு மழைவீழ்ச்சி 3500 மில்லிமீற்றருக்கும் மேலாகும். ஆயின் மழை மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. தாழ்நிலத்தின் வெப்பம் பங்கசுக்கு உகந்ததன்று. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலைப் பகுதிகளின் உயர்ந்த சரிவுகளில் மூடுபனியும் நீடித்த ஈரமும் சேருமிடத்து அது வலுப்பெறுகின்றது. வெயில் வித்திகளைக் கொல்லும். இதனை அடிப்படையாகக் கொண்டு 1960களில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அலன் கெர், சண்முகநாதன், றொட்றிகோ முதலியோர் நோயின் பரவலை ஆராய்ந்தனர். வெயில் மணித்தியாலங்களையும் காற்றிலுள்ள வித்திகளின் அளவையும் கொண்டு நோயை முன்கூட்டி மதிப்பிடும் முறை இவ்வாய்வுகளிலிருந்து உருவாயிற்று. நாட்காட்டியின்படி மருந்தடிக்காது தேவையறிந்து அடித்தல் என்பது செம்பையும் உழைப்பையும் ஒருசேரச் சிக்கனப்படுத்தும் சிந்தனையாகும்.

4

தேயிலைக்கு உதவிய செம்பு இறப்பருக்குப் பகை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரிப் பகுதிகளில் ஒரே தோட்டத்திலேயே மேட்டில் தேயிலையும் தாழ்வில் இறப்பரும் நிற்றல் காணலாம். இறப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒட்சிசனாற் சிறுகச் சிறுகத் துண்டாகும் இயல்பின. செப்பு அயன் ஒரு மின்னேற்ற நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறிச் சென்று அவ்வொட்சியேற்றத்தை ஊக்குவிக்கின்றது. மில்லியனிற் சில பங்கு அளவைத் தாண்டினாலே இறப்பர் பிசுபிசுத்து வலுவிழக்கும். எனவேதான் பாலெடுக்கும் வாளியிலும் ஸ்டோரின் பாத்திரங்களிலும் செம்பும் பித்தளையும் தவிர்க்கப்பட்டன. இறப்பரின் ஓயிடியம் இலைநோய்க்குக் கந்தகப்பொடி தூவும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஒரே கங்காணியின் கீழ் ஒரே லயத்திலிருந்து புறப்பட்ட இருவருள், ஒருவர் செம்பைச் சுமந்து மேலேறினார். மற்றவரின் வாளியைச் செம்பு அணுகலாகாது. ஒரு மூலகத்தின் இருவேறு பொருளாதாரங்கள் இவ்வாறு ஒரு மலையைப் பகுத்தன.

இலையினுள் இயல்பாயுள்ள செம்பின் கதை தனியானது. கொழுந்து நொதித்துக் கறுந்தேயிலையாகும் செயலை சென் கூம்ஸில் லாம்ப், சிறீரங்காச்சார் ஆகியோர் ஆராய்ந்தனர். அந்நொதியம் செம்பைக் கொண்ட புரதம் என்னும் கருத்தை சிறீரங்காச்சார் 1943இல் முன்வைத்தார். கொப்புள நோய் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, தேயிலையின் நிறத்துக்கும் சுவைக்கும் செம்பே காரணகர்த்தா என்பது இத்தீவில் நடந்த ஆய்வினால் தெளிவாகத் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து தெளித்த செம்பு பகையை அழித்தது; உள்ளிருந்த செம்பு பண்டத்தை ஆக்கியது.

5

செம்பு கரைகின்றது என்பது அறியப்பட்டிருந்தும், அதன் மேற்பரப்பில் எந்த அணு முதலில் நீங்குகின்றது என்பதைக் கண்ணாற் காண இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை இயலவில்லை. 1981இல் சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பின்னிக், றோரர் ஆகிய இருவரும் ஊடுருவல் மின்னோட்ட நுணுக்குக்காட்டியை உருவாக்கினர். 1986இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கருவியில் வில்லை இல்லை. மிகக் கூரிய உலோக ஊசியொன்று மேற்பரப்பைத் தொடாது, ஒரு நனோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் வருடிச் செல்கின்றது. இடைவெளியைக் கடந்து பாயும் இலத்திரன்களின் மின்னோட்டம், தூரம் 0.1 நனோமீற்றர் மாறினாலே ஏறத்தாழப் பத்து மடங்கு மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு அணுக்களின் மேடு பள்ளங்கள் படமாகின்றன.

கரைதலைக் காண்பதாயின் இக்கருவி நீரினுள் இயங்குதல் வேண்டும். அதனை 1986இல் சொனன்பெல்ட், ஹான்ஸ்மா என்போர் சாதித்தனர். நீரினுள் அணு அளவிற் படம்பிடிக்க அவர்கள் கொண்ட பொருள் காரீயம். கேகாலை மாவட்டத்தின் போகலைச் சுரங்கம் பேர்பெற்றதும் இப்பொருளினாலேயே. ஆய்வுகூடத்தினது செயற்கையாக ஆக்கப்பட்ட வகை, நமது மண்ணினது இயற்கைப் படிவு. அடுத்துச் செம்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சக்ஸ், பார்ட் ஆகியோர் குளோரைட்டுக் கரைசலிற் செப்புப் பளிங்கு கரைவதை அணு அளவிற் கண்டு 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். ஜேர்மனியின் உல்ம் நகரில் வோக்ற், மக்னுசன், பேம் முதலியோர் ஐதரோகுளோரிக்கமிலத்திற் செப்பு மின்வாயை ஆராய்ந்தனர்.

அவர்கள் கண்டவற்றைச் சுருங்கக் கூறலாம். செப்புப் பளிங்கின் முகம் சமதளமன்று. மலைச்சரிவில் வெட்டிய படிகள்போல அணுவொன்றின் உயரமுடைய படிகள் அதிலுண்டு. குளோரைட்டு அயன்கள் அத்தளத்தில் ஒழுங்காகப் படிகின்றன. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். செப்பணுக்கள் சதுரமாக அடுங்கிய முகத்தில், நான்கு செப்பணுக்களுக்கு இடைப்பட்ட குழிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் குளோரைட்டு அமர்கின்றது. செப்பணுக்களின் இடைத்தூரம் 0.256 நனோமீற்றர், குளோரைட்டுகளின் இடைத்தூரம் ஏறத்தாழ 0.36 நனோமீற்றர். இப்போர்வை செப்புப் படிகளின் திசையையே மாற்றுகின்றது. சல்பூரிக்கமிலத்தில் ஒரு திசையில் ஓடும் படிவிளிம்புகள் குளோரைட்டு இருக்குமிடத்து வேறொரு திசையில் நேராகின்றன. மின்னழுத்தத்தை உயர்த்தினாற் செம்பு எல்லாவிடத்தும் ஒருங்கே கரைவதில்லை. படிவிளிம்பில் ஒரு வரிசை முடிவுறும் முடக்கிலுள்ள அணு, அயலணுக்களின் பிடி குறைந்தமையால், முதலில் நீங்குகின்றது. அடுத்த அணு முடக்காகின்றது. விரைவாகப் படமெடுக்கும் கருவிகள் மற்றொன்றையும் காட்டின: முடக்கில் அணுக்கள் நீங்கி மீண்டும் சேர்ந்து மீண்டும் நீங்குகின்றன, அந்தப் போக்குவரவின் சிறு மிச்சமே நாம் கரைதல் என்பது. புரோமைட்டு, அயடைட்டு ஆகிய பிற ஏலைட்டுகளும் செம்பின்மீது தத்தமக்குரிய ஒழுங்கிற் படிகின்றன.

இலைமேலுள்ள செப்பு ஒட்சிக்குளோரைட்டுத் துகள் மின்வாயன்று. அது செம்பும் ஐதரொட்சைட்டும் குளோரைட்டும் சேர்ந்த சேர்வை. ஆதலின் ஒற்றைப் பளிங்கின் முடிவுகளை அதன்மேல் அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் கரைதலின் வேகத்தை மேற்பரப்பின் அமைப்பே ஆளுகின்றது என்னும் பொது உண்மை இரண்டுக்கும் உரியது. துகள் நுண்ணியதாயின் கரைதற்குரிய பரப்பு மிகும். மில்லார்தே சுண்ணாம்பினாற் செய்த கட்டுப்பாட்டை இன்றைய செய்கையாளர் துகளின் பருமனாலும் செய்கின்றனர்.

இவ்வாய்வுகள் எக்காலத்தில் நடைபெற்றன என்பதும் நோக்கற்பாலது. 1997இல் ஐ.பி.எம். நிறுவனம் கணினிச் சில்லுகளில் அலுமினியத்துக்குப் பதிலாகச் செப்பு இணைப்புகளைப் பயன்படுத்துவதாக அறிவித்தது. அவ்விணைப்புகள் மின்முலாம் முறையிற் படியவைக்கப்படுகின்றன. அக்கரைசலிற் சிறிதளவு குளோரைட்டு இன்றியமையாதது. செம்பின்மேற் குளோரைட்டு எவ்வாறு அமர்கின்றது என்னும் வினா இதனால் தொழிற்றுறையின் வினாவுமாயிற்று. விஞ்ஞானிகளின் ஆர்வத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த வினாவுக்குக் கருவியும் காலமும் பொருளும் ஒதுக்கப்படுகின்றன என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது என்பதையே சுட்டுகின்றோம்.

6

அங்ஙனமாயின் எந்த வினாவுக்கு அவை ஒதுக்கப்படவில்லை?

கொப்புள நோய் வந்த 1946ஆம் ஆண்டுக்கும், மருந்தடித்தல் தோட்டத்தின் வழமையான வேலையாக நிலைபெற்ற காலத்துக்கும் இடையில் இரு சட்டங்கள் நிறைவேறின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கின. 1949இன் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. தேயிலையைக் காக்கும் செம்பு ஆண்களின் முதுகில் ஏறிய ஆண்டுகளும் அவர்களின் அரசியல் உரிமை நீங்கிய ஆண்டுகளும் ஒன்றே. செம்பு தெளித்த கொழுந்தைப் பறித்தவர் பெண்கள். நாட்டின் முதன்மை ஏற்றுமதியைக் காக்கும் பணி அவர்களுக்கிருந்தது. அந்நாட்டிற் குரல் இருக்கவில்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் நிறைவேறிய 2003ஆம் ஆண்டுக்குள் மருந்து சுமந்த முதற்றலைமுறையிற் பலர் மறைந்துவிட்டனர்.

செம்பு அளக்கப்படாத பொருளன்று. ஆக்கிய தேயிலையில் அது மில்லியனில் 150 பங்கை மீறலாகாது என இந்தியா போன்ற நாடுகள் எல்லை வகுத்தன. இறப்பரில் அதற்கு எல்லையுண்டு. பண்டத்தினுட் செல்லும் செம்புக்கு இவ்வாறு அளவுகோல் அமைந்தது. மனிதனுட் செல்லும் செம்பைப் பற்றிய எச்சரிக்கையும் இல்லாமலில்லை. போர்த்துக்கலில் திராட்சைக்குப் போர்தோக் கலவை தெளித்த தொழிலாளரின் நுரையீரல் பாதிப்பை பிமென்றெல், மார்க்கஸ் ஆகிய மருத்துவர்கள் 1969இல் புதிய தொழில்நோயாக அறிவித்தனர். செப்பு ஒட்சிக்குளோரைட்டும் போர்தோக் கலவையும் ஒன்றல்ல. தேயிலை மலையும் திராட்சைத் தோட்டமும் ஒன்றல்ல. ஆயினும் அவ்வறிவிப்பு, செம்பு தெளிக்கும் எல்லா நாடுகளிலும் தெளிப்பவரின் மார்பைச் சோதிக்கவேண்டும் என்னும் கடமையை உண்டாக்கியது.

இது ஓரினத்தின் பிரச்சினை மட்டுமன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இதற்கிடையில் இரத்தினபுரி மாவட்டத்தின் தேயிலை பெருமளவுக்குச் சிறுபற்று நிலத்தாரின் கைக்கு மாறியுள்ளது. அவர்களிற் பெரும்பாலார் சிங்கள உழவர். தெளிகருவி இன்று லயத்துத் தமிழனின் முதுகிலும் கிராமத்துச் சிங்களவனின் முதுகிலும் இருக்கின்றது. உட்செறியும் புதிய பங்கசுக்கொல்லிகளும் நோயெதிர்ப்புள்ள தேயிலை வகைகளும் வந்துள்ளன, செம்பும் வழக்கொழியவில்லை. தெளித்த செம்பு அழிவதன்று. அது மூலகமாதலின் மழையோடு மண்ணை அடைந்து சேதனப் பொருளோடு பிணைந்து மேல்மண்ணிலே தங்குகின்றது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட தோட்ட வரலாற்றின் ஒரு பகுதி அம்மண்ணிலேயே படிந்திருக்கின்றது எனலாம்.

7

இதுவரை கூறியவற்றால் இரண்டு முடிவுகளுக்கு வருகின்றோம். முதலாவது, செம்பு கரையும் முறை பற்றிய அறிவு, சமையலறையிலிருந்து அணு நுணுக்குக்காட்டிவரை தொடர்ச்சியுடைய ஒன்று. அத்தொடரில் சபரகமுவைக்கும் சென் கூம்ஸுக்கும் இடமுண்டு. இரண்டாவது, அவ்வறிவின் ஒளி விழுந்த இடங்கள் பண்டத்தின் பக்கமே மிகுந்தன. உழைப்பாளியின் பக்கம் நிழலிலே நின்றது.

இந்நிழலை நீக்கக்கூடிய பணிகள் அரியனவல்ல. தோட்டங்களின் மருந்துக் கணக்கேடுகளும் மருத்துவக் குறிப்புகளும் அழியுமுன் தொகுக்கப்படவேண்டும். மருந்தடித்த முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் தமிழ்ச் சங்கங்களின் மாணவர் செய்யத்தக்க வேலை. பழைய தேயிலை மலைகளின் மண்ணிலும் அவற்றிலிருந்து வழியும் ஓடைகளிலும் செம்பை அளக்கும் ஆற்றல் நமது பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. பெலிகுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகம் அக்களத்தின் வாயிலிலேயே அமைந்துள்ளது. இரசாயனவியலாளரும் மருத்துவரும் வரலாற்று மாணவரும் ஒன்றுகூடினாலன்றி இப்பணி முற்றுப்பெறாது.

ஓர் அணு எந்த விளிம்பிலிருந்து நீங்குகின்றது என்பதை அளந்தறிந்த காலம் இது. அச்செம்பைச் சுமந்தவர் எத்தனை பேர், அவர்களுக்கு யாது நேர்ந்தது என்பதை அறிதல் அதனினும் கடினமானதன்று. அதற்குத் தேவைப்படுவது புதிய கருவியன்று. அவ்வினாவைக் கேட்கும் மனமே.